பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் செம்புக் கற்கள்

கேள்வி: ஐயா, என் பெரியப்பா பீகாரில் மோசாபோனி செம்புச் சுரங்கத்தில் சாம்பிள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது தகர டிரங்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பரண்மேல் கிடந்த பெட்டியைப் போன மாதம்தான் இறக்கினோம். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கற்கள், நாற்பதுக்குக் குறையாது. சிலவற்றோடு ஆங்கிலத்தில் எழுதிய துண்டுச் சீட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ‘14 எல், எஃப்.டபிள்யூ., 3/71’ என்றிருக்கிறது. பல கற்கள் தங்கம்போல மின்னுகின்றன. சிலவற்றில் பச்சை படிந்திருக்கிறது. ஒன்றில் துருசு போல நீலம். நாலைந்து கற்களின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருக்கிறது; அவற்றைச் சுற்றிய தாள் பழுப்பேறி, தொட்டாலே உதிர்கிறது. பச்சை பிடித்த இரண்டு கற்களை என் மனைவி செம்புப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். இதில் தங்கம் இருக்குமா? விற்றால் ஏதாவது தேறுமா? கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. எப்படி வைத்துக் காப்பாற்றுவது? — வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் புளியை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த காரியம், கற்களைப் பிரிப்பதற்கு முன்னால் சீட்டுகளைக் காப்பாற்றுவது. கல் இத்தனை வருஷம் கிடந்ததுபோல இன்னும் கொஞ்ச நாள் கிடக்கும். சீட்டு கிடக்காது. ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, கல்லும் சீட்டும் ஒரே படத்தில் விழும்படி கைப்பேசியில் படம் பிடியுங்கள். கல்லுக்கு ஓர் எண், சீட்டுக்கும் அதே எண். சுற்றியிருக்கும் செய்தித்தாளில் தேதி தெரிந்தால் அதையும் படம் எடுங்கள். சீட்டில்லாத கல்லுக்கு அந்தத் தேதிதான் சாட்சி. ‘முதலில் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று உட்கார்ந்தவர்கள் வீட்டில், மாலைக்குள் எந்தச் சீட்டு எந்தக் கல்லுடையது என்பதே தெரியாமல் போய்விடும். அப்படி அனாதையான பெட்டிகள் ஏராளம்.

நீங்கள் புரியாமல் எழுதி அனுப்பிய அந்த ஒரு வரியைப் பாருங்கள். ‘14 எல்’ என்றால் பதினாலாவது லெவல். சுரங்கத்துக்குள் மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு போகும் தளம். தாது இழை நிலத்துக்குள் சாய்த்து வைத்த புத்தகம்போலச் சரிந்து இறங்கும். அதன் அடிப்பக்கப் பாறை ‘ஃபுட்வால்’, தலைக்குமேல் தொங்கும் பக்கம் ‘ஹேங்கிங்வால்’. எஃப்.டபிள்யூ. என்பது அந்த ஃபுட்வால். ‘3/71’ என்பது 1971 மார்ச். அப்போது மோசாபோனி இன்னும் தனியார் கையில், 1924-ல் தொடங்கிய இந்தியன் காப்பர் கார்ப்பரேஷனிடம் இருந்தது. 1972-ல்தான் அரசு அதை எடுத்து ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தோடு சேர்த்தது. ஆக உங்கள் பெரியப்பா, கம்பெனிக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், இன்ன ஆழத்தில், இழையின் இன்ன பக்கத்தில் எடுத்த கல் அது. ஒரு துண்டுச் சீட்டு இவ்வளவும் சொல்கிறது. சாம்பிள் பிரிவில் இருந்தவர் என்பதால் இடத்தையும் தேதியையும் குறிப்பது அவருக்குக் கையோடு வந்த பழக்கமாக இருந்திருக்கும். நல்ல காலம்.

சீட்டில் உள்ளதைத் திருத்தாதீர்கள். ‘சிங்பூம், பீகார்’ என்று எழுதியிருந்தால், இன்றைக்கு அது ஜார்க்கண்ட் ஆயிற்றே என்று அடித்து எழுதக் கூடாது. மாநிலம் பிரிந்தது 2000-ல். பீகார் என்று எழுதிய சீட்டு அதற்கு முந்தையது என்பதற்கு அந்தச் சொல்லே ஆதாரம். நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் 1993-க்கு முன். ‘தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்’ என்றிருந்தால் அதற்குப் பின் சில ஆண்டுகள். ‘கடலூர் மாவட்டம்’ என்றால் இன்னும் பிந்தியது. புதிய பெயரை எழுதத்தான் வேண்டுமென்றால் வேறு தாளில் எழுதி, தேதி போட்டு, பழைய சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

தங்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. மோசாபோனியின் முக்கியத் தாது சால்கோபைரைட்: செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்தது; சுத்தமாக இருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் செம்பு. அதோடு பைரைட்டும் கலந்து வரும். வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். மீந்துபோன தரை டைல்ஸ் ஒன்றைக் கவிழ்த்து, பளபளப்புப் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் கல்லின் ஓரத்தை இழுங்கள். தங்கம் மஞ்சளாகவே கோடு போடும். சால்கோபைரைட்டும் பைரைட்டும் கருமையான கோடுதான் போடும். இரண்டில் எது என்று தெரிய, சமையலறைக் கத்தியின் முனையால் கண்ணில் படாத ஒரு மூலையைக் கீறுங்கள். சால்கோபைரைட் கீறல் வாங்கும். பைரைட் கத்தியை வழுக்கிவிடும். அழகான முகத்தில் இந்தச் சோதனை வேண்டாம். ஒரு சின்னச் சேதி: அந்தத் தாதுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கமும் வெள்ளியும் உண்டு. அந்தத் தாதை உருக்கிய காட்சிலா ஆலையில் செம்பை மின்பகுப்பு செய்து சுத்தப்படுத்தும்போது அடியில் தங்கும் சேற்றிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு டன் கணக்கில் தாது வேண்டும். உங்கள் டிரங்குப் பெட்டி காணாது.

பச்சைக்கு வருகிறேன். செம்புத் தாது காற்றும் நீரும் பட்டு மாறும்போது மாலகைட் எனும் பச்சைக் கார்பனேட் உண்டாகும். செம்புக் குடத்தில் பிடிக்கும் களிம்புக்கு நெருங்கிய உறவு. புளியில் உள்ள அமிலம் குடத்துக் களிம்பை எப்படிக் கரைக்குமோ அப்படியே இதையும் கரைத்துவிடும். குடத்தில் களிம்பு வேண்டாத பொருள். கல்லில் அதுதான் பார்க்க வேண்டிய பொருளே. தேய்த்த இரண்டு கற்களில் போனது திரும்பாது. அவற்றைத் தூக்கி எறியாமல், ‘புளியிட்டுத் தேய்க்கப்பட்டது’ என்று குறித்து மற்றவற்றோடு வையுங்கள். வீட்டில் சண்டை போட வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களிலேயே ஒரு காலத்தில் அமிலம் போட்டுக் கல்லைக் கழுவியிருக்கிறார்கள்.

ஆனால் பச்சை என்றாலே மாலகைட் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மோசாபோனி இருக்கும் சிங்பூம் செம்புப் பட்டையில்தான் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கமும் இருக்கிறது. மோசாபோனி, ராக்கா, சுர்தா ஆகிய செம்பு ஆலைகளின் கழிவு மண்ணிலிருந்தே யுரேனியத்தைப் பிரித்தெடுத்ததுண்டு. டார்பர்னைட் என்று ஒரு கனிமம். செம்பும் யுரேனியமும் சேர்ந்த பாஸ்பேட். அதுவும் பச்சைதான். மாலகைட் பெரும்பாலும் பட்டுநூல்போல இழையாகவோ, திரண்ட மொட்டாகவோ, வெறும் பூச்சாகவோ இருக்கும். டார்பர்னைட் சின்னச் சின்னச் சதுரத் தகடுகளாக, காக்காப்பொன்போல அடுக்கடுக்காக, கண்ணாடிப் பளபளப்போடு இருக்கும். பூதக்கண்ணாடியில் அப்படித் தெரியும் கல் இருந்தால், அதைத் தனி டப்பாவில் மூடி, ஆட்கள் படுத்து எழும் அறையில் வைக்காமல், விஷயம் தெரிந்தவரிடம் காட்டும்வரை திறக்காமல் வையுங்கள். பயந்து குப்பையில் வீசுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. பெட்டியைக் கையாண்ட பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டவிட வேண்டாம். யுரேனியம் இல்லாவிட்டாலும், செம்புத் தாதோடு ஈயமோ ஆர்செனிக்கோ சேர்ந்து வருவது சகஜம்.

நீலக் கல் நீங்கள் சொன்னதுபோல உண்மையிலேயே துருசாக இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற, சுண்ணாம்போடு கரைத்துப் பயிருக்கு போர்டோ கலவையாகத் தெளிக்கிற அதே செம்பு சல்பேட். சுரங்கச் சுவரில் தானாகவே பூக்கும் இயற்கை வடிவத்துக்கு சால்கன்தைட் என்று பெயர். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். வெயிலில் காய வைத்தால் உள்ளிருக்கும் நீரை இழந்து வெள்ளைப் பொடியாகும். விஷம். இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில் தனியாகப் போட்டு, நிழலில் வைத்துவிடுங்கள். கழுவவும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம்.

இனி அந்த வெள்ளை மஞ்சள் பொடி. கடலூர்க்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பைரைட்டிலும், அதைவிட வேகமாக அதன் உறவுக் கனிமமான மார்கசைட்டிலும், உள்ளிருக்கும் கந்தகம் காற்றின் ஈரத்தோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. மீதி இரும்பு சல்பேட்டாகப் பொடி பூக்கிறது. ‘பைரைட் நோய்’ என்றே அருங்காட்சியகக்காரர்கள் சொல்வார்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இது விறுவிறுவென நடக்கும். நம் கடற்கரையில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்களைத் தேட வேண்டியிருக்கும். தாள் பழுப்பேறி உதிர்ந்ததற்கும் இந்த அமிலம்தான் காரணம். கல் தானும் அழிந்து, தன் விலாசம் எழுதிய சீட்டையும் தின்றுவிடுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோடு வரும் மார்கசைட் உருண்டைகளுக்கும் இதே கதிதான். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி அலமாரியில் வைத்தால், சில ஆண்டுகளில் விரிசல் விட்டு, பக்கத்தில் இருப்பதையும் கறையாக்கும்.

பொடி பூத்த கற்களை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பொடியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள்; மூக்கை மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு, ரப்பர் வளையத்தோடு காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் டப்பாக்கள் கிடைக்கின்றனவே, அவற்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் அதே பொட்டலம்தான். ஆனால் வீட்டில் கிடப்பவை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் நிறம் மாறும் வகை கிடைக்கும். ஈரம் ஏறியதும் நிறம் மாறிக் காட்டும். அடுப்பில் சூடேற்றி உலர்த்தினால் மறுபடி உதவும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஷோகேஸ் செய்கிறேன் என்று தச்சரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மரம், குறிப்பாகப் புதுமரமும் ஒட்டுப்பலகையும், மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். மூடிய டிராயருக்குள் அது தேங்கி நின்று கனிமங்களைக் கெடுக்கும். பழைய ஸ்டீல் பீரோ போதும். செய்தித்தாளும் அமிலத் தாள்தான். அதைப் பிரித்து, தேதி உள்ள பக்கத்தைத் தனியாக வைத்துவிட்டு, கல்லை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சீட்டு கல்லோடு ஒரே டப்பாவில் இருக்கலாம், ஆனால் தனித் தெளிந்த பாலிதீன் உறைக்குள். கல்லின் அடியில் நகம் அளவுக்கு வெள்ளை பெயின்ட் தடவி, காய்ந்ததும் கறுப்பு இந்தியன் மையில் எண் எழுதி, மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. பொடி பூத்த கல்லிலும் நீலக் கல்லிலும் மட்டும் இது வேண்டாம். டப்பாவின்மேல் எழுதினால் போதும். நோட்டுப் புத்தகம் ஒன்றில் எண்ணுக்கு நேராகச் சீட்டின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுங்கள். பென்சில் நல்லது, பால்பாயின்ட் மை காலப்போக்கில் மங்கும்.

பெட்டியில் தனிச் செம்புத் துண்டு ஏதாவது இருந்து, அதில் இளம்பச்சைப் புள்ளிகள் பொடியாகப் பூத்திருந்தால் அது வேறு நோய். கடல் காற்றின் உப்பில் உள்ள குளோரைடு செம்பை அரிப்பது. பழைய வெண்கலச் சிலைகளுக்கு வருவதும் அதுதான். 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் டாக்டர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் அந்த நோயை விரட்டிப் பல வெண்கலங்களை மீட்டார். வீட்டில் செய்கிற வேலை அல்ல. ஈரம் அண்டாமல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலை? ஆசை காட்ட விரும்பவில்லை. உலகச் சந்தையில் இந்தியக் கனிமம் என்றால் வாங்குபவர்கள் தேடுவது ஜல்கான், புணே பக்கத்துக் கருங்கல்லில் விளையும் ஸ்டில்பைட், அபோஃபிலைட் படிகங்களை. அமெரிக்காவின் டூசான் நகரில் 1955-லிருந்து நடக்கும் கண்காட்சியில் அவை வண்டி வண்டியாக விற்கின்றன. சிங்பூம் தாது பெரும்பாலும் படிகம் இல்லாத திரள். ஒளியில் மின்னும், அவ்வளவுதான். ‘மயில் தாது’ என்று வானவில் நிறத்தில் விற்பதெல்லாம் பெரும்பாலும் அமிலத்தில் முக்கியெடுத்த சால்கோபைரைட். அந்த விலையை வைத்து உங்கள் கல்லை மதிப்பிடாதீர்கள். சீட்டோடு இருக்கும் கற்களுக்குச் சில சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் நாலைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவார்கள். அதோடு தொகுப்பு சிதறும்.

எனக்கு அந்தப் பெட்டியின்மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், சுரங்கத்தை மூடினால் முதலில் நிற்பது பம்ப். சில வருஷத்தில் லெவல் லெவலாகத் தண்ணீர் ஏறிவிடும். ராக்கா சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலும் அதே வருஷம்தான். அப்படி ஒரு சுரங்கத்துக்குள் நினைத்த நாளில் இறங்கிக் கல் எடுத்துவர யாராலும் முடியாது. அப்போது மிச்சம் இருப்பது அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த கற்கள்தான். அமெரிக்காவின் பிஸ்பி செம்புச் சுரங்கங்கள் 1975-ல் நின்றுபோயின. இன்று அருங்காட்சியகங்களில் மின்னும் பிஸ்பி அசுரைட், மாலகைட் பலவும் தொழிலாளிகள் சாப்பாட்டு டப்பாவில் வெளியே எடுத்துவந்தவை. இங்கிலாந்தில் சர் ஆர்தர் ரஸ்ஸல் என்று ஒருவர் (1878–1964). கார்ன்வால் முதலான இடங்களில் மூடிய சுரங்கங்களின் கற்களுக்காக அவர் சுரங்கத்தில் இறங்கியதோடு நிற்கவில்லை. பழைய குடும்பங்களின் தொகுப்புகளையும் தேடித் தேடி வாங்கினார், சீட்டுகளைக் கிழிக்காமல் வைத்தார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 12,000 கற்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் நமக்கும் நேரடியாக ஒரு லாபம் உண்டு. சோழர் வெண்கலங்களுக்குச் செம்பு எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பது பழைய கேள்வி. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் ஷாரதா ஸ்ரீனிவாசன், தென்னிந்தியப் படிமங்களில் இம்மியளவு உலோகம் எடுத்து, அதிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து காலவாரியாக வகைப்படுத்தினார். சிலையின் ஐசோடோப்பு அளவு கையில் இருந்தால் மட்டும் போதாது; ஒப்பிடுவதற்கு இடம் தெரிந்த தாதுக்கல் வேண்டும். இன்ன சுரங்கம், இன்ன லெவல் என்று எழுதிய கல்லுக்கு ஆய்வகத்தில் மதிப்பு உண்டு. சீட்டில்லாத கல்லை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கொடுப்பதென்று முடிவு செய்தால், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையை முதலில் கேளுங்கள், பக்கம். கடலூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தையும் மறக்க வேண்டாம். இன்று எல்லாரும் வெண்கலக் கூடத்தைப் பார்க்கப் போகிற அந்த இடம், 1851-ல் தொடங்கியபோது கையில் இருந்த முதல் தொகுப்பே சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான். எங்கே கொடுத்தாலும் பட்டியலின் நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெரியப்பா பெயரில் ஒரே தொகுப்பாக வைக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியைக் கொடுப்பதற்குமுன், அவரோடு வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து, கற்களைக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஒலிப்பதிவும் தொகுப்போடு சேரட்டும்.

கேள்வி: நான் புவியியல் மாணவன். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மாமண்டூர் என்ற ஊரில் செம்பு, ஈயம், துத்தநாகத் தாது இருப்பதாகப் படித்தேன். நண்பர்களோடு பைக்கில் போய் நாலு கல் உடைத்துக்கொண்டு வரலாமா? சட்டப்படி தவறா? கடலூர், சிதம்பரம் பக்கத்திலேயே செம்பு கிடைக்காதா? — வாசகர், சிதம்பரம்

பதில்: தம்பி, முதலில் சரியான மாமண்டூருக்குப் போக வேண்டும். சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்தி டீ குடிக்கச் சொல்வார்களே, அந்த மாமண்டூர் அல்ல. பல்லவர் குடைவரை இருக்கும் மாமண்டூரும் அல்ல. நீங்கள் படித்தது மாவட்டப் பிரிவினைக்குப் பின் விழுப்புரம் பக்கம் போன ஊர். அங்கே தாது இருப்பது உண்மை. ஸ்ஃபாலரைட், காலினா, சால்கோபைரைட் மூன்றும் சார்னோகைட் முதலான உயர்வெப்ப உருமாற்றப் பாறைகளுக்குள் கிடக்கின்றன. கரும்பச்சையாக கானைட் என்ற துத்தநாகக் கனிமமும் உண்டு. பார்த்தால் மனசு துள்ளும் இடம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ‘உடைத்துக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நிறுத்துகிறேன். 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதோ தோண்டுவதோ கூடாது. விதிகளுக்கு மாறாகக் கனிமத்தை எடுத்துச் செல்வதும் கூடாது. பொழுதுபோக்காகக் கல் சேர்ப்பவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது. சுத்தியலும் கடப்பாரையும் மூட்டையுமாக நாலு இளைஞர்கள் நிற்பதைப் பார்க்கும் கிராம நிர்வாக அலுவலருக்கோ போலீஸ்காரருக்கோ, நீங்கள் மாணவர்கள் என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. காப்புக்காடாக இருந்தால் வனத்துறைச் சட்டம் தனி. பட்டா நிலத்தின் மேல் கிடக்கும் கல்லைக்கூட நிலத்துக்காரரைக் கேட்காமல் எடுப்பது சரியல்ல. கேட்டால் பெரும்பாலும் மோர் கொடுத்து உபசரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கே போனாலும், பழைய குழி, பழைய சுரங்க வாய் எதைக் கண்டாலும் உள்ளே தலையை நீட்டாதீர்கள். மரச்சட்டங்கள் உளுத்துப்போயிருக்கும், மேற்கூரை சொல்லிக்கொண்டு விழாது. சல்ஃபைடு தாது ஆக்ஸிஜனைத் தின்னும் என்று முந்தின பதிலில் சொன்னேன். காற்றோட்டம் இல்லாத குழிக்குள் அதே வேலை நடந்தால் மூச்சு விடவே காற்று இருக்காது. நாற்றமும் அடிக்காது, முன்னெச்சரிக்கையும் கிடைக்காது. உள்ளே போனவர் மயங்கினால் தூக்கப் போனவரும் கூடவே விழுவார். செப்டிக் டேங்க் சாவுகளில் நாம் அடிக்கடி படிப்பது இதைத்தான். அப்புறம், குழியருகில் உலைக் குழாய்த் துண்டு, மூசைச் சில்லு, கசடுக் குவியல், கல்லால் ஆன பழைய சம்மட்டி என்று ஏதாவது தென்பட்டால் எடுக்கவே கூடாது. நூறு ஆண்டு தாண்டியவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். இடத்தை விட்டு எடுத்த கசடு பேசாது.

கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் செம்பைத் தேடி அலைய வேண்டாம். கடலோரமும் கொள்ளிடக் கரையும் வண்டல், மணல். உள்ளே தள்ளினால் கடலூர் மணற்கல். அதற்குள்தான் நெய்வேலிக்காரர்களின் பழுப்பு நிலக்கரி. 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டப்போய் வந்த கறுப்புப் பொருள், 1956-ல் ஒரு கம்பெனியாக நின்றது. அதே மணற்கல் திருவக்கரையில் கல்மரங்களைக் காத்து வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் சொனெரா 1781-லேயே அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். இன்று தேசிய கல்மரப் பூங்கா. பார்த்துவிட்டு வாருங்கள். பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு புவியியல் மாணவர் சேரக் கூடாது.

உலோகம்தான் வேண்டும் என்றால் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை எவ்வளவு தூரம்? ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் அங்கேதான், சேலத்து மேக்னடைட் தாதையும் கரியையும் வைத்து ஐரோப்பிய பாணி இரும்பு உலை நடத்தினார். அது நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. கரிக்குக் காடு போதவில்லை என்பது அதில் பாதிக் கதை. ஹீத் பின்னால் ஷெஃபீல்டில் மாங்கனீஸ் சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கி, வழக்கிலேயே ஓய்ந்துபோனார். அந்தக் கதையைப் படித்துவிட்டு, துறை சுற்றுலாவில் கஞ்சமலைக்குப் போகும்போது மேக்னடைட் துண்டு ஒன்றை ஆசிரியர் அனுமதியோடு எடுத்து, காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். செம்பு இல்லையே என்ற ஏக்கம் பாதி தீரும்.

மாமண்டூருக்குப் போகும் வழி இதுதான்: துறைத்தலைவரின் கடிதத்தோடு, அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலருக்கு மனு. மனுவில் போகும் தேதி, எத்தனை பேர், கூட வரும் ஆசிரியர், என்னென்ன கருவி, எடுக்க விரும்பும் மாதிரிகளின் எடை, அவை கடைசியில் எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்பதெல்லாம் இருக்கட்டும். ‘கைப்பிடி அளவு மாதிரி, பத்துக்கு மிகாமல்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கும் நம்பிக்கை வரும். கையெழுத்துப் போட்ட நகலைப் பையிலேயே வைத்திருங்கள். எடுக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அங்கேயே, பாறை முன் நின்றபடியே சீட்டு எழுதுங்கள்: ஊர், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பாறையிலிருந்து உடைத்ததா கீழே கிடந்ததா, தேதி, எடுத்தவர் பெயர். விடுதிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.